நான்காவது வரியில் பெயர் இல்லை

என் அக்காவுக்கு அலுவலகத்தில் வைத்த பெயர் 'மினிட்ஸ் மேடம்'. கூட்டம் முடிந்து மற்றவர்கள் நாற்காலியை நகர்த்துவதற்குள், யார் என்ன சொன்னார், எந்த வேலைக்கு யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும் என்று வரிசையாக எழுதி எல்லோருக்கும் மெயில் அனுப்பிவிடுவாள். துணி துவைக்கும் மெஷின் செய்கிற பெரிய கம்பெனியில், உதிரி பாகங்களை அனுப்பும் பிரிவில் பதினாறு வருடமாக இதுதான் கதை. வீட்டில் அத்தானோடு சண்டை வந்தால்கூட, சண்டையின் முடிவுகளை எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டுவாள். பொய் சொல்லவில்லை, நானே படித்திருக்கிறேன்.

அட்டைப் பெட்டியின் லேபிளை இரண்டு அங்குலம் மேலே ஒட்டினால் கிழியாது என்று ஒருமுறை யோசனை சொன்னாள். அதற்குப் பதினான்கு கையெழுத்து, எட்டு மாதம். அனுமதி வந்த வாரம் அந்தப் பெட்டியையே நிறுத்திவிட்டார்கள். அன்றைக்கு நேராக என் வீட்டுக்கு வந்து, தோள்பையைக்கூட இறக்காமல் சொன்னாள்.

"நான் ஏதாவது சின்ன ஸ்டார்ட்அப்புக்குப் போயிடலாம்னு இருக்கேன்டி."

"போயேன். அந்தப் பக்கம் யாரத் தெரியும் உனக்கு?"

"யாரையும் தெரியாது."

எனக்கு வந்ததே கோபம்! பதினாறு வருடத்தில் தன் மாடியைத் தாண்டி ஒரு ஆளைத் தெரிந்து வைத்துக்கொள்ளவில்லையே இவள்!

"வேல கேட்டுப் போய் நிக்க வெக்கமா இருக்குடி," என்றாள்.

"வேலையக் கேக்காத. உங்க எடத்துல எல்லாம் எப்படி நடக்குதுன்னு கேளு. தன்னப் பத்திப் பேச யாருக்காவது கசக்குமா?"

முதலில், கம்பெனியை விட்டுப் போயிருந்த பழைய சிநேகிதி ஒருத்தியைப் போய்ப் பார்த்தாள். அவள் காபி வாங்கிக் கொடுத்து இரண்டு பேருடைய நம்பரும் கொடுத்தாள். அந்த இருவர் இன்னும் ஐந்து பேரைக் காட்டினார்கள். ஆறு வாரத்தில் எட்டுப் பேர்! ஒவ்வொருவரையும் பார்த்துவிட்டு எனக்குப் போன் போடுவாள். பரீட்சை முடிந்து லீவு விட்ட பிள்ளை மாதிரி ஒரே சத்தம்.

"காலைல பேசினத சாயங்காலமே செஞ்சு பாத்துடறாங்கடி! சரியா வரலன்னா மறுநாளே மாத்திடறாங்க! ஒரு கையெழுத்து கெடையாது!"

இந்த நேரம் பார்த்துத்தானா பெரிய கம்பெனி அவளுக்குப் பதவி உயர்வு கொடுக்க வேண்டும்? இரண்டு வருடம் விலக மாட்டேன் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அடுத்த திங்கட்கிழமைக்குள் பதில்.

செவ்வாய்க்கிழமை ஒன்பதாவது ஆளைப் பார்க்கப் போனாள். முன்பு நர்ஸாக இருந்த பெண். படுத்த படுக்கையான நோயாளிகள் உள்ள வீடுகளுக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலும் சக்கர நாற்காலியும் வாடகைக்கு அனுப்புகிறாள். ஒரு கார் ஷெட்டுக்கு மேலே இரண்டு அறை, மொத்தம் ஏழு பேர். உட்கார வேறு இடமில்லாமல் அக்கா ஒரு கட்டிலின் மேலேயே உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசியிருக்கிறாள்.

"இதுதான்டி என் எடம்," என்றாள் போனில். "ஆனா அந்தப் பொண்ணு 'பாக்கலாம்'னு மட்டும்தான் சொல்லிச்சு."

அதோடு விட்டிருக்கலாம் அல்லவா? மறுநாள் பார்த்தால், பழக்கதோஷம், அந்தப் பேச்சுக்கும் மினிட்ஸ் எழுதி ஏழு பேருக்கும் அனுப்பியிருக்கிறாள்! ஒன்று, கைப்பிடி தொலைந்த கட்டில்களை எண்ண வேண்டும், பொறுப்பு நிறுவனர், வியாழன். இரண்டு, ஒவ்வொரு கட்டிலுக்கும் நம்பர் எழுத வேண்டும், பொறுப்பு வேன் டிரைவர், வெள்ளி. மூன்று, தினமும் வரும் புகார்களை ஒரே நோட்டில் எழுத வேண்டும், பொறுப்பு மறுபடி நிறுவனர், சனி. நான்காவது வரியில், வெளியே போன கட்டில் எங்கே இருக்கிறது, எப்போது திரும்பும் என்று பார்த்துக்கொள்வது. அதற்கு அங்கே ஆளே இல்லாததால், பொறுப்பு என்ற இடத்தைக் காலியாக விட்டிருந்தாள்.

"அடிப்பாவி! வேல தேடிப் போனவ முதலாளிக்கே வேல குடுத்துட்டு வந்திருக்கியே!"

அவள் முகம் தொங்கிப்போயிற்று. வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு, ஒரு பதிலும் இல்லை. என் வாய் சும்மா இருந்திருக்கலாம் என்று எனக்கே பட்டது. திங்கள் காலை அவளுக்குத் துணையாக இருக்கலாமென்று போனேன். சாப்பாட்டு மேசையில் ஒப்பந்தமும் பேனாவும் இருந்தன. அத்தான், "போட்டுடு, ரெண்டு வருஷம்தானே" என்றார். அக்கா பேனாவைத் திறந்தாள்.

போன் டிங்கென்றது. அவள் பார்க்க மாட்டேன் என்றாள். நான் பிடுங்கிப் படித்தேன். அவளுடைய அதே மெயில், ஒவ்வொரு வரிக்குக் கீழும் பதிலோடு திரும்பி வந்திருந்தது.

"ஒன்று, முடிந்தது, பதினோரு கைப்பிடி காணோம். இரண்டு, முடிந்தது. மூன்று, நோட்டு வாங்கியாச்சு, நாலு நாளில் இருபது பக்கம்." அக்கா பக்கம் திரும்பி மீதியைப் படித்தேன். "நான்கு, தேதி: அடுத்த மாதம் முதல் தேதி. பொறுப்பு: நீங்க. சம்மதமா அக்கா?"

அக்கா பேனாவை மூடிவிட்டு என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த நாலாவது வரிய மட்டும் இன்னொரு தடவ படிடி."