என் ஜெபத்தை வைத்து விளையாடிய பிள்ளைகள்

சபையாரே, இதைச் சொல்ல நாக்கூசுகிறது. ஆனாலும் கர்த்தர் செய்ததை மறைக்க எனக்கு உரிமையில்லை.

ஆவடியில் பட்டாளம் வந்து இறங்கிய வருஷம். நாங்கள் மேனாம்பேட்டில் இருந்தோம். என் மகள் எஸ்தருக்கு ஒன்பது வயது. குழந்தையில் வந்த காய்ச்சலில் இடது கால் சூம்பிவிட்டது. கோல் ஊன்றித்தான் நடப்பாள். வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் அவளை முன்னால் நிறுத்தி, முந்தானையை ஏந்தி, "இந்த நொண்டிப் புள்ளைய நடக்க வையும் ஆண்டவரே" என்று கதறுவேன். கூட்டமே என்னோடு அழும். அதில் எனக்கு ஒரு பெருமைகூட உண்டு.

அந்த ஆடியில், பள்ளிக்கூடமே வேண்டாம் என்றாள் எஸ்தர். முழங்காலெல்லாம் சிராய்ப்பு. கேட்டால் வாய் திறக்கவில்லை. அடித்தும் பார்த்தேன், பாவி. படிப்பும் போனால் இவள் கதி என்ன? "என்ன நடக்குதுன்னு காட்டும் ஆண்டவரே" என்று மன்றாடினேன்.

காட்டினார். மறுநாள் அவளை வலுக்கட்டாயமாகப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன்; அவள் விட்டுப்போன சாப்பாட்டைக் கொடுக்கப் போனேன். பள்ளிக்கூட வாசலில் சிறுமிகள் வட்டமாக நின்றார்கள். பக்கத்து வீட்டு ரூத், பாவாடை நுனியை ஏந்திக்கொண்டு, "இந்த நொண்டிப் புள்ளைய நடக்க வையும்" என்று அழுதாள். அப்படியே என் குரல். ஒருத்தி கோலைப் பிடுங்கினாள்.

"சொகமாயிட்ச்சு, நடடீ!"

எஸ்தர் விழுந்தாள். எல்லாரும் சிரித்தார்கள்.

ரூத்தை அறையத்தான் ஓடினேன். கை எழவில்லை.

"ஏண்டி எங்கிட்ட சொல்லல?" என்றேன் மகளிடம்.

"நீ சொல்றத்தத்தானேம்மா அதுங்களும் சொல்லுதுங்க."

வெட்கத்தில் செத்தேன்.

வெள்ளிக்கிழமை உபதேசியார், "இன்னாம்மா விண்ணப்பம்?" என்றார். எஸ்தரை முன்னால் நிறுத்தவில்லை. "எம்பொண்ணு காலு அப்படியே இருக்கட்டும் ஐயா. நானே அவளக் காட்சிப்பொருளாக்கிட்டேன். எனக்கும் நம்ம புள்ளைங்களுக்கும் நல்ல மனசு வேணும்" என்று நடந்ததைச் சொன்னேன். ரூத்தின் அம்மா முகத்தை மூடிக்கொண்டாள். பள்ளிக்கூட டீச்சரம்மா, இனி மதியத்தில் பிள்ளைகளோடு தானும் இருப்பதாகச் சொன்னார்.

திங்கட்கிழமை காலையில் ரூத் எங்கள் வாசலில் நின்றாள்.

"எஸ்தரு, ஒம் பைய நான் தூக்கினு வர்ட்டா?"

"பைய நானே தூக்கிக்குவேன். கோலத் தொடாத, அவ்ளோதான்."

இருவரும் சேர்ந்து போனார்கள். ஸ்தோத்திரம்!

அது நடந்து மூன்று வருஷமாகிறது. கால் சுகமாகவில்லை. ஆனால் அவள் ஒருநாளும் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடவில்லை. தாய்மாரே, பிள்ளைக்காகக் கேளுங்கள், அவர் தருவார். பிள்ளையையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கேளுங்கள். நேற்று நான் கேட்டேன், "ஒனக்காக இன்னாம்மா ஜெபிக்கட்டும்?"

"கணக்குப் பரீட்சைக்கு" என்றாள்.