சந்துப் பக்கக் கதவு

மீராசா காக்கா காலமான செய்தி எனக்கு நான்காம் நாள்தான் கிடைத்தது. அதையும் யாரும் எனக்கென்று சொல்லி அனுப்பவில்லை. லிங்கநகரில் எங்கள் வீட்டுக்குக் கிட்டவுள்ள கடையில் சீனி வாங்க நின்றேன். பக்கத்தில் நின்ற லொறிக்காரர் ஒருவர் மற்றவரிடம், "கச்சான் காக்கா மௌத்தாப் போயிட்டார், தெரியுமா? வெள்ளிக்கிழமை அடக்கியாச்சு" என்றார். கடைக்காரர் சீனியை நிறுத்துச் சுற்றிக்கொண்டிருந்தார். நான் அதை வாங்காமலே வெளியே வந்துவிட்டேன்.

அவரைக் கச்சான் கடலை விற்ற நொண்டிக் கிழவராக மட்டும் அறிந்தவர்களுக்கு முதலில் ஒன்று சொல்ல வேண்டும். அவர் எங்கள் கந்தோரில் பியோனாக இருந்தவர். துறை கடந்து அக்கரையில் கிண்ணியா, குறிஞ்சாக்கேணி, மூதூர்ப் பக்கமெல்லாம் கடிதக் கட்டுகளை மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுப்பது அவர் வேலை. வெள்ளைக்காரன் துறைமுகத்தை விட்டுப் போனபோது ஏலத்தில் விட்ட பழைய சைக்கிள் அது. அதன் சத்தம் மூன்று தெருவுக்குக் கேட்கும்.

அந்த வேலையோடு அவராகத் தலையில் போட்டுக்கொண்ட வேலை ஒன்றும் இருந்தது. அக்கரை ஆள் யாராவது பட்டணத்து ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டால், வார்ட்டில் நிற்பவர்கள் மீராசா காக்காவைத் தேடித்தான் ஓடி வருவார்கள். அக்காலத்தில் கிண்ணியாவில் ரெலிபோன் இருந்த வீடுகளை விரல்விட்டு எண்ணலாம். உடலை ஏற்றிய ஜனாஸா வான் பின்னால் மெல்ல வரும். காக்கா முன்னால் பறந்துபோய்ப் பள்ளிவாசலில் சொல்லிக் கபுறுக் குழி வெட்ட வைத்துவிடுவார். "உசிரோட இருக்கிறவன் காத்துக் கிடக்கலாம் தம்பி. மையித்தைக் காக்க வைக்க ஏலாது" என்பார். இத்தனை பேருடைய மரணச் செய்தியை நேரத்துக்குச் சேர்த்தவரின் செய்தி எனக்குக் கடை வாசலில் கிடைத்ததே என்று அன்றைக்கு ஊரையே திட்டித் தீர்த்தேன். திட்டத் தகுதியில்லாதவன் நான் என்பது பிறகுதான் விளங்கியது.

கிண்ணியாத் துறையில் வாகனங்களை ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவையைப் 'பாதை' என்போம். அறுவடைக் காலத்தில் பாதைக்குக் காத்து நிற்கும் வாகனங்கள் கண்ணுக்கெட்டிய தூரம் இரண்டு வரிசையாக நிற்கும். இடது வரிசையில் லொறியும் பஸ்ஸும், வலது வரிசையில் காரும் வானும். இரண்டுக்கும் நடுவில் இரண்டு முழச் சந்து. மோட்டார் சைக்கிள்காரருக்கு அதுதான் வழி. சந்தால் நுழைந்து முன்னுக்குப் போனால், பாதையின் ஓரத்தில் மிஞ்சும் இடத்தில் ஏறிவிடலாம். இதற்காகத் துறையில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. சந்துப் பக்கக் கதவை யாரும் திறக்கக் கூடாது. லொறிச் சாரதிகள் தங்கள் கதவு சந்துப் பக்கம் இருப்பதால் ஆசனத்தில் நகர்ந்து மறுபக்கத்தால்தான் குதிப்பார்கள். பலகையில் எழுதி வைத்த சட்டமல்ல. ஆனாலும் புதிதாக வருகிறவனுக்கு முதலில் சொல்லிக் கொடுப்பது அதைத்தான். காக்கா சந்துக்குள் நுழைய முன் மூன்று தரம் ஹோன் அடிப்பார். அதைக் கேட்டதும் வெளியே நீட்டிய முழங்கைகள் எல்லாம் உள்ளே போய்விடும்.

ஒருமுறை நானும் பின்னால் ஏறிப் போனேன். ஒரு பக்கம் லொறிப் பலகை காதை உரசுமாப்போல் வந்தது. "முழங்காலை உள்ள எடுங்க தம்பி" என்றார். கொஞ்சத் தூரம் போனதும், "மூச்சையும் உள்ள எடுங்க" என்றார். அக்கரையில் இறங்கிய பிறகுதான் மூச்சை வெளியே விட்டேன். அவர் ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு சிரித்தார்.

இன்னொரு நாள் காரில் காத்திருந்த முதலாளி ஒருவர், வரிசையில் நிற்காமல் போவது என்ன நியாயம் என்று சண்டைக்கு வந்தார். காக்கா சைக்கிளை நிறுத்தி மரியாதையாகச் சொன்னார்: "முதலாளி, நீங்களும் இப்பிடி முன்னுக்குப் போகணுமெண்டா ஒங்கட ஊட்டுலயும் ஒரு மையித்து விழணும். வேணுமா?" முதலாளி கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

இனி அந்த நாள். எங்கள் கந்தோர்ப் பெரிய ஐயா கிண்ணியாவுக்குப் பரிசோதனைக்குப் போனார். அவருக்குக் குறிப்பெழுதப் போன கிளாக்கர் நான். அப்போது என் வேலை நிரந்தரமாகியிருக்கவில்லை. மனைவி பிள்ளைத்தாய்ச்சி. கார் வலது வரிசையில் நின்றது. சாரதி தன் பக்கத்தால் இறங்கித் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தார். நான் முன்னாசனத்தில், சந்துப் பக்கக் கதவோடு இருந்தேன். பாதை வந்து சேர்ந்து இடது வரிசை அசையத் தொடங்கியதும் பெரிய ஐயாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்கட வரிசை ஏன் நிற்குது? இறங்கிப் போய்ப் பாரும் காணும்!" என்று பின்னாலிருந்து அதட்டினார். இரண்டாந்தரம் சொல்ல வைத்தால் என்ன நடக்கும் என்று கந்தோரில் எல்லோருக்கும் தெரியும். நான் கதவைத் திறந்தேன்.

கதவில் மோதிக் காக்கா சந்துக்குள் விழுந்தார். பக்கத்து லொறி ஒரு முழந்தான் உருண்டது. அது அவருடைய வலது காலுக்குப் போதுமாயிருந்தது. லொறிக்காரர்கள் நாலாபக்கமும் கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். அவர் என்னைத் திட்டவில்லை. "பைக்குள்ள ஒரு கடதாசி கிடக்கு தம்பி. பள்ளிவாசலுக்குக் குடுக்கணும். பாதை போகப் போகுது, ஓடுங்க" என்றார். ஓடிப்போய்ப் பாதைக்காரரிடம் கொடுத்தேன். அன்று நான் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.

முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். மூன்று மாதத்துக்குப் பின் கந்தோரில் விசாரணை வைத்தார்கள். கால் போனதைப் பற்றியல்ல, கார்க் கதவு வளைந்ததைப் பற்றி. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் கதிரையில் இருந்தார்கள். ஊன்றுகோலோடு வந்தவருக்கு ஒரு கதிரை போட ஒருவருக்கும் தோன்றவில்லை. அறையின் மூலையில் இருந்து வாக்குமூலத்தை எழுதியவன் நான்.

"ஹோன் அடிச்சனீரா?" என்று கேட்டார்கள்.

காக்கா என்னைப் பார்த்தார். பிறகு மேசையைப் பார்த்துச் சொன்னார்: "இல்ல சேர். அண்டைக்கு மறந்துட்டன்."

அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. கதவைத் திறந்தது யார் என்ற கேள்வி வரவே இல்லை. லொறிக்காரர் ஒருவரைக்கூட அழைக்கவில்லை. ஹோன் அடிக்காமல் கவனயீனமாக ஓட்டியதற்காகச் சேவையிலிருந்து நீக்கம் என்று தீர்ப்பு வந்தது. மூன்று கார்பன் தாள் வைத்து, எழுத்துப்பிழை இல்லாமல் நானே தட்டச்சு செய்தேன். வாசலில் பின்னால் போய், "காக்கா, ஏன் அப்படிச் சொன்னீங்கள்?" என்று கேட்டேன். "என்ட கால் போயிட்டு. என்ன செல்லினாலும் அது முளைக்காது. ரெண்டு ஊட்டு அடுப்பும் அணையணுமா? போய் வேலையைப் பாருங்க" என்றார். நான் போய் வேலையைப் பார்த்தேன். அடுத்த மாதம் நிரந்தரமாக்கிவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் கச்சான். அதே துறை, அதே சந்து. கழுத்தில் தட்டைக் கட்டிக்கொண்டு ஊன்றுகோலோடு வரிசைகளுக்கு நடுவில் நடப்பார். எங்கள் கார் நின்றால் என் பக்கம் வந்து கதவில் தட்டுவார். "கதவைத் திறக்காதீங்க தம்பி, கண்ணாடியை இறக்கினாப் போதும்" என்பார். காருக்குள் எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது என்னையே அறையத் தோன்றுகிறது.

அவர் மனைவி உதவி கேட்டு மூன்று மனுப் போட்டார். மூன்றும் என் மேசைக்குத்தான் வந்தன. 'பரிசீலிக்க இடமில்லை' என்ற பதிலில் கையெழுத்து மேலிடத்துடையது, தட்டச்சு என்னுடையது. இப்போது அதே கந்தோரில் இரங்கல் கூட்டம் வைக்கப் போகிறார்களாம். 'கடமை வீரர்' என்று துண்டுப் பிரசுரமும் அடித்திருக்கிறார்கள். இருந்தபோது ஒரு கதிரை கொடுக்காதவர்கள் போனபின் பட்டம் கொடுக்கிறார்கள். என்னையும் பேசக் கேட்டார்கள். அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

செய்தி கேட்ட மறுநாள் கிண்ணியாவுக்குப் போனேன். அவர் மனைவி, நான் ராத்தா என்று அழைப்பவர், கணவர் இறந்தபின் இருக்கும் இத்தாவில் இருந்தபடியால் வெளி ஆண்கள் முன் வரமாட்டார். திரைக்கு அந்தப் பக்கம் இருந்துதான் பேசினார். எனக்கு ஒருவரும் அறிவிக்கவில்லையே என்று மனத்தாங்கலாகத் தொடங்கினேன்.

"ஒங்களுக்கு அறிவிக்க வேணாமெண்டு நான்தான் செல்லினன்" என்றார்.

"ஏன் ராத்தா?" என்று கேட்டேன்.

"கதவைத் திறந்தது ஆரெண்டு துறை முழுக்கத் தெரியும். லொறிக்காரங்க அண்டைக்கே வந்து செல்லிட்டாங்க. அவரு மட்டும் வாய் திறக்கல்ல. கேட்டா, 'கிளாக்கர் தம்பி நல்ல பொடியன்' எண்டுதான் செல்லுவாரு."

இத்தனை வருடமும் துறையில் எனக்கு வணக்கம் சொன்ன ஒவ்வொரு முகமும் நினைவில் வந்தது. அத்தனை பேரும் தெரிந்துகொண்டுதான் சொல்லியிருக்கிறார்கள். தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். ராத்தா மறுபடியும் பேசினார். குரலில் கோபம் இல்லை.

"ஒண்டு மட்டும் எனக்கு விளங்கல்ல. ஹோன் அடிக்க மறந்துட்டனெண்டு ஒப்பம் வெச்சாரே. அந்த மனிசன் ஒரு நாளும் அதை மறக்கிற ஆளில்ல. நீங்க காருக்குள்ளதானே இருந்தீங்க. மெய்யா அவரு அடிக்கல்லயா?"

"தெரியாது ராத்தா. எனக்கு ஞாபகமில்லை" என்றேன். வெளியே வந்து செருப்பைப் போட்டேன். திரும்பிப் போய்ச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

மீராசா காக்காவை நினைக்க ஒவ்வொருவரும் ஒன்றை வைத்திருப்பீர்கள். சைக்கிள் சத்தம், பகிடிப் பேச்சு, கைநிறைய அள்ளிப் போடும் கச்சான். என்னிடம் இருப்பது வேறு எவரிடமும் இல்லை. இதை யாராவது ராத்தாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர் மறக்கவில்லை ராத்தா. அன்றைக்கும் மூன்று தரம் ஹோன் அடித்தார். மூன்றும் எனக்குக் கேட்டன. கேட்ட பிறகுதான் நான் கதவைத் திறந்தேன்.