வெறும் தண்ணி

முப்பது வருஷம் அந்த மலைப்பாதையில் லாரி ஓட்டியவர், ஒரு தடவைகூட அருவிப் பக்கம் தலையைத் திருப்பியதில்லை. மனைவி கூட்டிப்போகச் சொன்னபோதெல்லாம், "அங்க என்ன இருக்கு? வெறும் தண்ணி," என்று வாயை அடைத்துவிடுவார்.

இப்போது கண் ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். பார்வை போன மனைவியோடு காரில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். ஏரி, பாறைமுனை என்று வழியெல்லாம் வண்டியை நிறுத்தச் சொல்லி, எப்படி இருக்கிறதென்று கேட்டாள் அவள். "இங்க வளைவு, ரெண்டாவது கியர் போடணும்," என்றுதான் அவருக்குச் சொல்லத் தெரிந்தது.

அருவி வந்தது. அவளையும் கைப்பிடித்து இறக்கி, ஓரத்துத் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

"எப்படிங்க இருக்கு?"

"வெறும் தண்ணிதான்மா," என்றார். குரல் உடைந்துவிட்டது.

அவள் முந்தானையை நீட்டினாள்.

"முகத்தைத் துடைச்சுக்கோங்க. சாரல் அடிச்சிருக்கும்."