கிளென்ஷீயில் வீதி மூடியிருந்த காலை

பனிமலைக்கு மோட்டார்ஹோமில் போகப் போகிறோம், எதைக் கவனிக்க வேண்டும் என்று இந்த வலைப்பூவில் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். நான் அப்படிப் போனது ஒரே தரம், தொண்ணூறுகளின் நடுவில், மார்ச் கடைசிக் கிழமை. அந்த ஒரு தரம் எனக்கு ஆயுளுக்கும் போதும்.

அப்போது எங்களிடம் இருந்தது அகதிப் பயணப் பத்திரம் மட்டும். சுவிஸ் போவதென்றால் விசாவுக்கு அலைய வேண்டும். "ஸ்கொட்லாந்திலையும் மலை இருக்குத்தானே. அங்கை போக ஆரையும் கேக்கத் தேவையில்லை" என்றார் என் கணவர். லண்டனில், நோர்பரியில் ஒரு பெற்றோல் நிலையத்தில் அவருக்கு ஷிப்ட் வேலை. நான்கு நாள் லீவு கிடைத்ததும், ஃபாரஸ்ட் கேட்டில் ஒருவரிடம் பழைய மோட்டார்ஹோம் ஒன்றை நூற்று நாற்பது பவுணுக்கு வாடகைக்கு எடுத்துவிட்டார். மகளுக்கு எட்டு மாதம். பச்சைப் பிள்ளையைப் பனிக்குள் கொண்டுபோவதா என்று ஒரு கிழமை சண்டை பிடித்தேன். பிறகு நானேதான் புட்டுப் பானையையும் மாவையும் கட்டி ஏற்றினேன்.

வெள்ளிக்கிழமை காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். ஸ்கொட்லாந்தின் பேர்த் நகரம் வரை சுமார் 460 மைல், நிறுத்தி நிறுத்திப் போனதில் பதின்மூன்று மணித்தியாலம். வழி முழுக்க இஞ்சின் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டு வந்தேன். கொஞ்சம் மாறினாலும் அவர் முகத்தைப் பார்ப்பேன். அவர் ரேடியோவைக் கூட்டுவார். இரவு ஊருக்கு வெளியே கரவன் தரிப்பிடத்தில் தங்கினோம், கட்டணம் ஏழு பவுண்.

சனி காலை பிராமர் என்ற மலையூரை நோக்கி ஏறினோம். பத்து மணி பத்துக்கு ஸ்பிட்டல் ஆஃப் கிளென்ஷீ என்ற சின்ன இடத்தில் வீதிக்குக் குறுக்கே இரும்புக் கதவு மூடிக் கிடந்தது. மேலே பனி மூடிவிட்டதாம். பனி தள்ளும் லொறிக்காரர், செம்பட்டைத் தாடிக்காரர், இரண்டு மணித்தியாலம் ஆகும் என்று சொல்லிவிட்டு மேலே போனார்.

நான் காஸ் ஹீட்டரைப் போட்டேன். ஆனாலும் தரையில் இருந்த இரண்டு சல்லடைத் துளைகளால் குளிர்காற்று நேராகப் பிள்ளையின் படுக்கைக்கு வந்தது. குசினி அடுப்புக்கு மேலே கூரையிலும் ஒன்று. எனக்கு அடைப்பதில் நல்ல கைப்பழக்கம். லண்டனுக்கு வந்த புதிதில் இருந்த ஒற்றை அறையில் காஸ் மீற்றர் காசு காசாக விழுங்கும். ஜன்னல் இடுக்கு, கதவு இடுக்கு எல்லாம் பேப்பர் திணித்துத்தான் மாரியைக் கழித்தோம். இங்கும் அவர் உடுக்கும் சாரத்தைக் கிழித்துத் தரைத் துளைகளிலும், துவாயை மேலேயும் திணித்தேன். வண்டிக்குள் சூடாகிவிட்டது. என்னை நானே மெச்சிக்கொண்டு புட்டு அவிக்கத் தொடங்கினேன்.

பதினொன்றரை மணிக்கு எனக்குத் தலை விண்விண்ணென்று இடித்தது.

"எனக்கும்தான். நேற்று வண்டி ஓடின களைப்பு" என்று சொல்லி அவர் சரிந்து படுத்தார்.

"இஞ்சாருங்கோ, பிள்ளை பால் குடிக்கிறாள் இல்லை."

"நித்திரை வருதுபோலை. விடும்."

அவள் கையைத் தூக்கிப் பார்த்தேன். விட்டதும் பொத்தென்று விழுந்தது. அந்த நேரம் கதவில் தட்டினார்கள். லொறிக்காரர், வீதி திறக்கப் போகிறது என்று சொல்ல வந்திருந்தார். அவர் அடுப்பில் மஞ்சளாக எரிந்த நெருப்பைப் பார்த்தார், தரையில் சாரத் துண்டைப் பார்த்தார்.

"பிள்ளையோடு வெளியே வா! இப்போதே!" என்று கத்தினார்.

முழங்கால் பனிக்குள் பிள்ளையை அணைத்தபடி நின்றேன். அவர் காஸை நிறுத்தி, என் கணவரைக் கையில் பிடித்து இறக்கினார். பிள்ளை அழவில்லை. அவள் கன்னத்தில் தட்டினேன், பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். கடவுளே, நான் கொன்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். எவ்வளவு நேரம் போனதென்று தெரியாது. பிறகு ஒரு சிணுங்கல், அதன் பின் பெரிய அழுகை. நானும் சேர்ந்து அழுதேன்.

அவருடைய லொறியிலேயே, அவரே வழித்த வீதியில், பதினைந்து மைல் தாண்டி பிராமருக்குப் போனோம். டொக்டர் ஒக்சிஜன் பிடித்தார். காஸ் நெருப்பின் நச்சுக் காற்று வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தேங்கிவிட்டது என்றார். இன்னும் அரை மணித்தியாலம் போயிருந்தால் என்று தொடங்கி முடிக்காமல் விட்டார். அபர்டீன் ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்துப் பார்த்து அனுப்பினார்கள்.

நீங்கள் போவதென்றால், துளைகளில் கை வைக்காதீர்கள். அவை உயிர் மூச்சு. குளிரென்றால் போர்வை கூட்டுங்கள். ஹீட்டரைப் போட்டுக்கொண்டு சமைக்காதீர்கள், நெருப்பு மஞ்சளானாலோ எல்லோருக்கும் ஒன்றாகத் தலை இடித்தாலோ இறங்கி வெளியே ஓடுங்கள். இப்போது நச்சுக் காற்றுக்கு மணி அடிக்கும் கருவி விற்கிறார்கள், வாங்குங்கள். மார்ச்சில் பூ பூப்பது லண்டனில்தான், மலையில் அப்போதும் பனி. புறப்பட முன் வீதி திறந்திருக்கிறதா என்று போன் போட்டுக் கேளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். துளைகளை அடைத்தது யார் என்று டொக்டர் பேனையோடு கேட்டார். அரசாங்கத்தார் பிள்ளையை எங்களிடமிருந்து எடுத்துவிடுவார்களோ என்று எனக்கு நா எழவில்லை. "நான்தான்" என்றார் என் கணவர். சொந்தக்காரர்களிடமும் அதையே சொன்னார். மகள் வளர்ந்து, அப்பாவின் மடைத்தனம் என்று சிரிக்கும்போது அவரும் சேர்ந்து சிரிப்பார். நான் தேத்தண்ணி போட எழும்பிப் போவேன்.

வருகிற மாதம் அவள் தன் குழந்தையோடு மோட்டார்ஹோமில் அல்ப்ஸ் பனிமலைக்குப் போகிறாள். கேள்வி கேட்ட மூவரில் அவளும் ஒருத்தி.

பிள்ளை, அடைத்தது அப்பா இல்லை. நான்.