வாய் திறக்காத மஞ்சள் மீன்

என் அண்ணன் லிப்ட் மெக்கானிக். எந்த மாடியில் லிப்ட் முனகினாலும் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவான். அண்ணிக்குத் தொண்டையில் கட்டி வந்து, சொட்டுத் தண்ணீர்கூட இறங்காமல் போய்ச் சேர்ந்தபோது மட்டும் அவனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. "பொறுத்துப் பாப்போம்னு டாக்டர் சொன்னாரு, நானும் பொறுத்தேன்" என்று அதையே சொல்லிச் சொல்லி மருகினான். தனியே விட மனமில்லாமல் நான் வந்து கூட இருந்தேன்.

மேல்வீட்டுக்காரர் வீட்டைக் காலி செய்தபோது பழைய மீன்தொட்டியை ஆறு மீனோடு அண்ணன் தலையில் கட்டினார். என்ன மீன் என்று கேட்டதற்கு, "கலர் மீன்தான்" என்றார் மகராசன்.

"வேலியில போற ஓணான எடுத்து மடியில விட்டுக்கிட்டியேண்ணா!"

"நீ இருக்கிற வீட்டுல ஓணான் என்னடி செய்யும், அதுதான் பயந்து ஓடும்."

அண்ணி போனபின் அவன் செய்த முதல் கேலி அது. அதற்காகவே அந்தத் தொட்டியைச் சகித்துக்கொண்டேன்.

மீன்கள் ஒன்றையொன்று விரட்டி விரட்டிக் கடித்தன. போனில் படம் பிடித்துக்கொண்டு மீன்கடைக்குப் போனான். மஞ்சள் உடம்பையும் முதுகுத் துடுப்பின் கறுப்புக் கோட்டையும் பார்த்த கடைக்காரர், "இது சிக்லிட் அண்ணே, ஏரி மீன். கல்லு போடுங்க. ஒளிய இடம் இல்லாட்டி அடிச்சுக்கிட்டே கிடக்கும்" என்றாராம். அண்ணன் கல் கழுவி அடுக்கினான். லிப்டில் தொங்குமே பராமரிப்பு அட்டை, அதுபோல் தொட்டிக்கும் ஒன்று எழுதித் தொங்கவிட்டான். தண்ணீர் மாற்றிய தேதி, தீனி போட்ட நேரம், எத்தனை மீன் சாப்பிட்டது. தினமும் ஆறு டிக்.

ஒருநாள் ஐந்து டிக். சின்ன மஞ்சள் மீன் மட்டும் தீனிக்கு வராமல் கல்லுக்குப் பின்னால் நின்றது. தாடை வீங்கியிருந்தது. எட்டு நாளாகியும் அப்படியே.

"இதுக்கும் கட்டி" என்றான் அண்ணன்.

"கடைக்காரரைக் கேட்டுட்டு செய்யிண்ணா. அவசரத்துல அண்டாக்குள்ளயும் கை போகாது."

"கடை லீவு, போனையும் எடுக்கல. நாளைக்கு வரைக்கும் பொறுக்கச் சொல்றியா? ஒரு தடவ பொறுத்தது போதாதா?"

வலையில் பிடித்து, வாளியில் மீன் நோவுக்கு ஊற்றும் நீல மருந்தை இரண்டு மடங்கு கலந்து அதில் விட்டான். மீன் துள்ளி வாய் திறந்தது. உள்ளிருந்து குஞ்சுகள் கொட்டின. ஐயோ, பதினாறு! அரிசி அளவுதான் இருக்கும், ஒவ்வொன்றின் வயிற்றிலும் மஞ்சள் கரு ஒட்டியிருந்தது. பதறிப்போய் அண்ணன் குஞ்சுகளை நல்ல தண்ணீருக்கு மாற்றி, தாய்மீனைத் தொட்டியில் விட்டான். மதியத்துக்குள் ஒரு குஞ்சுகூட உயிரோடு மிச்சமில்லை.

மறுநாள் கடைக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். "நோவு இல்லண்ணே. இது முட்டைய வாய்க்குள்ளயே வச்சுக் காக்கும். அதுவரைக்கும் சாப்பிடாது. இன்னும் பத்து நாள் விட்டிருந்தா தானே குஞ்சை வெளிய விட்டிருக்கும்."

அன்று மாலை நான்தான் தீனி போட்டேன். சின்ன மஞ்சள் மீன் முதல் ஆளாக மேலே வந்து அள்ளி அள்ளித் தின்றது.

"ஆறுண்ணா" என்றேன். இந்தப் பாழாய்ப்போன வாய் சும்மா இருந்திருக்கக் கூடாதா?

அண்ணன் டிக் போடவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தான்.

"பொறுத்தாலும் போகுது, பொறுக்காட்டியும் போகுதே" என்று சின்னப்பிள்ளை போல் அழுதான்.