ஐஸ் கடிக்கிற சத்தம்

மகள் ஜெர்லின் ஐஸ் கடிக்கிற சத்தம் கேட்டால் யாகப்பம்மாளுக்குக் கை ஓடாது, கால் ஓடாது. அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும். அவள் கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிடுவாள். அப்பன் இன்னாசியின் மீன் பெட்டியிலிருந்து உடைத்தெடுத்த ஐஸை ஒரு டம்ளரில் போட்டுக்கொண்டு, வாசற்படியில் உட்கார்ந்து, பிள்ளை கறுக் கறுக்கென்று கடிக்கும். கல்யாண வயதை நெருங்கும் பெண் ஐஸ் தின்பதில் என்ன பயம் என்று நீங்கள் கேட்கலாம். முன்பு இன்னொருத்தி இதே மாதிரி கடித்துக்கொண்டிருந்தாள். யாகப்பம்மாளின் அக்கா ஜெனோவா. ஜெர்லின் கைக்குழந்தையாக இருந்தபோது அந்த அக்காவைக் கடல் கொண்டுபோனது.

பாம்பன் கரையில் அவர்கள் தெருப் பெண்களுக்குப் பாசி எடுப்பதுதான் தொழில். சேலைக்கு மேல் சட்டை போட்டு, விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டிக்கொண்டு, வத்தை என்கிற சிறு படகில் கடலுக்குள் இருக்கும் பாறைத் திட்டான பாருக்குப் போவார்கள். அங்கே மூச்சடக்கி முங்கி, பாறையில் ஒட்டிக்கிடக்கும் பாசியைப் பிய்த்து இடுப்பில் கட்டிய வலைப்பையில் போட வேண்டும். ஜெனோவா அதில் கெட்டிக்காரி. அவள் ஒரு தடவை முங்கினால் மற்றவர்கள் எழுந்து, மூச்சு வாங்கி, மாமியாரைப் பற்றி ஒரு பாட்டம் பேசி முடித்த பிறகுதான் தலையைத் தூக்குவாள். அதனாலேயே அன்றைக்கு அவள் எழுந்து வர நேரமானபோது யாரும் பதறவில்லை. பதறிய பிறகு, பை நிறைந்த பாசியோடு தூக்கினார்கள்.

உடம்பைக் குளிப்பாட்டியவர்கள் துணியைப் பார்த்துவிட்டார்கள். ஊர் வாய் சும்மா இருக்குமா? வீட்டுக்குத் தூரமாக இருக்கிறவள் கடலில் இறங்கினால் கடல் பொறுக்குமா என்றார்கள். சொன்னவர்களில் பாதிப் பேர் அதே நிலையில் மறைத்துக்கொண்டு இறங்குகிறவர்கள்தான். யாகப்பம்மாளும் அதை நம்பினாள்; நம்பிக்கொண்டே, வயிற்றுப்பாட்டுக்காக மற்றவர்களைப் போல மறைத்து இறங்கினாள். அக்கா நிம்மதியாகப் போகவில்லை என்றும் நம்பினாள். அதற்குப் பிறகு அவள் முங்கும் போதெல்லாம், பக்கத்தில் இன்னொரு கை பாசி பிய்க்கிற மாதிரி இருக்கும். திரும்பிப் பார்க்க மாட்டாள்.

ஜெர்லின் பள்ளிக்கூடம் முடித்துப் பாருக்கு வர ஆரம்பித்த பிறகுதான் இந்த ஐஸ் பைத்தியம் பிடித்தது. அக்கா வந்துவிட்டாள், பிள்ளையைக் கூப்பிடுகிறாள் என்று யாகப்பம்மாள் முடிவு கட்டினாள். கோயிலுக்குக் கூட்டிப்போய் மந்திரித்த எண்ணெயை நெற்றியில் தடவினாள். மெழுகுவர்த்தி ஏற்றி, “எம்பிள்ளைய விட்டுட்டுப் போயிரு, அக்கா” என்று கல்லறையில் அழுதாள். ஜெர்லினுக்கு இது வேடிக்கை. “பெரியம்மாவுக்கு ஐஸ் வேணும்னா பெட்டியில அவுகளே எடுத்துக்கிடட்டும். எம்பல்ல எதுக்கு இரவல் வாங்குறாக?” என்பாள். சிரிக்கும்போது அவள் ஈறு வெளுத்துத் தெரியும். பார்க்கிறவர்கள் நிறமான பிள்ளை என்று மெச்சினார்கள்.

கோகிலா அந்தச் சமயத்தில்தான் வந்தாள். கமுதிப் பக்கத்துப் பெண். பாம்பன் பாலத்தில் பஸ் ஏறினாலே கண்ணை மூடிக்கொள்கிறவள். பெண்களுக்கு மாதவிலக்கில் எவ்வளவு ரத்தம் போகிறது, அதோடு உடம்பிலிருந்து எவ்வளவு இரும்பு போகிறது என்று ஒரு மருத்துவக் கல்லூரிக்காக அளந்து பார்க்க வந்தவள். நாப்கினோ துணியோ, எதுவானாலும் முதலில் காய்ந்தபடி எடை போட்டுக் கொடுப்பாள். பயன்படுத்தியதை மூடுகிற பையில் போட்டுத் தர வேண்டும். மறுபடி எடை போட்டுக் கழித்துக்கொள்வாள். தெருவே சிரித்தது. இன்னாசிக்குத் தன் இன்ஜின் பாம்பனிலிருந்து கடலுக்குப் போய்வர எத்தனை டீசல் குடிக்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். பொம்பிளை உடம்பு எவ்வளவு இறைக்கிறது என்று எவன் கேட்டான்? செய்வினைக்குப் பயந்து துணி தர மாட்டேன் என்றவர்களும் உண்டு. யாகப்பம்மாள் கொடுத்தாள். அந்தப் பெண் வாசல் வாசலாக அலைவது பாவமாக இருந்தது.

முதல் மாதம் யாகப்பம்மாளின் பைகள் லேசாகத்தான் இருந்தன. ஆனால் விரலில் குத்திப் பார்த்த ரத்தம் வேறு சொன்னது. ஹீமோகுளோபின் பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஏழு.

“ரெண்டும் ஒட்டவே மாட்டேங்குதேக்கா” என்றாள் கோகிலா. “போறது இம்புட்டுத்தான்னா ஏழுக்கு எறங்கக் கூடாதே.”

“எனக்கு வீட்டுல இருந்தாத்தான் படும். கடல்ல எறங்குனா நின்னுரும். உப்புத்தண்ணி கட்டிரும்ல. பெரும்பாடுன்னு ரத்தம் கொட்டுறவளுக்கே நாங்க அதத்தான் சொல்லுவோம். பாசிக்குப் போடி, சரியாயிரும்னு.”

“கடலுக்குப் போற அன்னைக்குத் துணி?”

“அது வெளுத்துல்ல வரும். கறையே இருக்காது.”

கோகிலா அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். அடுத்த மாதம் அந்த நாட்களில் மட்டும் கடலுக்குப் போகாமல் கரையில் இருக்க முடியுமா என்று கேட்டாள். யாகப்பம்மாள் தலையாட்டினாள்.

அந்த நாட்கள் வந்தன; யாகப்பம்மாள் கரையில் இருந்தாள். தாயும் மகளும் முன்னே பின்னே ஒன்றாகத் தூரமாவது அவர்கள் வீட்டில் வழக்கம். இரண்டாம் நாள் காலையிலேயே ஜெர்லினுக்குத் தலை சுற்றியது. “லேசா கண்ணு இருட்டுதும்மா” என்றாள். “போயி தண்ணியில எறங்குடி, கட்டிரும்” என்று யாகப்பம்மாளே கண்ணாடியை எடுத்துக் கொடுத்து அனுப்பினாள்.

வெயில் ஏறிய பிறகு கோகிலா தராசோடு வந்தாள். முந்தின நாள் பைகளையும் அன்றைய பைகளையும் எடை போட்டாள். அடுப்படியில் இருந்த டீ கிளாஸை எடுத்துக் காட்டினாள்.

“மொத்தத்துக்கும் இதுல பாதி போனா வழக்கம்னு வச்சுக்கங்க. ஒங்களுக்கு ஒரு கிளாஸத் தாண்டிருச்சு, இன்னும் முடியல. கடல் கட்டலக்கா. அலசி விட்டுருது. ஒங்க கண்ணுக்குத் தெரியாமப் போயிக்கிட்டேதான் இருந்திருக்கு.”

யாகப்பம்மாள் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இரும்புச்சத்து தீந்துபோனா மூச்சு வாங்கும், கண்ணு இருட்டும்” என்று கோகிலா பைகளைக் கட்டியபடி சொன்னாள். “சிலருக்கு மண்ணு திங்கணும்போல இருக்கும். பச்சரிசி கேக்கும். சில பேரு ஐஸாக் கடிப்பாக.”

“என்ன சொன்ன?”

“ஐஸுக்கா. கறுக்கு கறுக்குன்னு...”

அவள் முடிப்பதற்குள் யாகப்பம்மாள் தெருவில் இறங்கி ஓடினாள்.

கரையில் படகோட்டி வில்பிரட் வத்தையைக் கட்டிக்கொண்டிருந்தான். “பாருக்கு விடுப்பா” என்று ஏறி உட்கார்ந்தாள். தூரமான பெண் வெளிப்படையாக வத்தையில் கால் வைப்பது அந்தக் கரையில் கேள்விப்படாத காரியம். இறங்குகிறவர்கள் எல்லாரும் மறைத்துத்தான் இறங்குவார்கள். இன்றைக்கு மறைக்க நேரமில்லை. அவள் உட்கார்ந்த பலகையில் ரத்தம் பட்டிருந்ததை வில்பிரட் பார்த்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டு இன்ஜினைப் போட்டான். நல்ல மனிதன். அவனை நினைத்தால் இன்றைக்கும் யாகப்பம்மாளுக்குக் கண் கலங்கும்.

பாரில் பெண்கள் தலையை நீட்டி மிதந்தபடி பேசிக்கொண்டிருந்தார்கள்.

“எம்பிள்ள எங்கடி?”

“இப்பத்தான் முங்குனா. பெரியம்மா கெணக்கா தம் கட்டுவாள்ல” என்றாள் ஒருத்தி, சிரித்துக்கொண்டே.

யாகப்பம்மாள் குதித்தாள். கீழே தண்ணீர் கலங்கியிருந்தது. பாசியோடு பாசியாகக் கூந்தல் அலைந்தது. பக்கத்தில் ஒரு கை. இத்தனை வருடம் எந்தக் கையைத் திரும்பிப் பார்க்காமல் இருந்தாளோ, அதே கை. முகம் வெளுத்து, வாய் லேசாகத் திறந்து, அக்கா பாறையில் சாய்ந்திருந்தாள். பயத்தில் யாகப்பம்மாளின் மூச்சு பாதி போய்விட்டது. விட்டுவிட்டு மேலே போய்விடத்தான் உடம்பு துடித்தது. அவள் கூந்தலைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள். மேலே வெளிச்சத்துக்கு வந்தபோது அது ஜெர்லின்.

வத்தையில் குப்புறப் போட்டு அமுக்கினார்கள். தண்ணீரைக் கக்கி, பிள்ளை இருமியது.

ராமநாதபுரத்து ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள். யாரோ முகம் தெரியாதவர் கொடுத்த ரத்தம் சொட்டுச் சொட்டாக இறங்குவதை யாகப்பம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். அவளுக்கும் மகளுக்கும் மாத்திரைகள் கொடுத்தார்கள். பெரும்பாட்டுக்கு வைத்தியம் பார்க்கத் தனியாக ஒரு டாக்டரிடம் அனுப்பினார்கள்.

சில வாரங்கள் போயின. ஒரு சாயங்காலம் இன்னாசி வழக்கம்போல டம்ளரில் ஐஸ் கொண்டுவந்து படியில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனான். ஜெர்லின் அதைத் தாண்டி உள்ளே வந்தாள்.

“ஐஸ் வேணாமாடி?”

“என்னமோ பிடிக்கலம்மா” என்று செல்போனைப் பார்த்தபடி போனாள்.

யாகப்பம்மாள் படியில் போய் உட்கார்ந்தாள். வீட்டில் சத்தமில்லை. போய்விடு, போய்விடு என்று எத்தனை மெழுகுவர்த்தி ஏற்றியிருப்பாள். ஒரு மாத்திரைக்கு நின்றுபோகிற சத்தம் அது. டம்ளரில் ஐஸ் கரைந்துகொண்டிருந்தது. அவள் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். பல் கூசியது. அக்காவுக்கு இது எப்படித்தான் ருசித்ததோ.

“ஒன்னையப் பேயின்னு நெனச்சுட்டனேக்கா” என்றாள். “நீ சீக்காளியால்ல இருந்திருக்க.”

துண்டு கரையும்வரை அவள் அழுதுகொண்டே இருந்தாள்.