வாசல் கோலத்தின் படம்

போன மார்கழியில், ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு வாசலில் ஆரம்பித்தது இது.

திருச்சியில் ஒரு சைபர் செக்யூரிட்டி நிறுவனத்தில் எனக்கு வேலை. அடுத்தவர்களின் கம்ப்யூட்டருக்குள் யாராவது நுழைகிறார்களா என்று கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். "அப்ப கம்ப்யூட்டருக்கு வாட்ச்மேன்னு சொல்லுங்க" என்பார் எதிர்வீட்டு அக்கா. என் மாமியாரான அத்தைக்கோ ஒரே பெருமை. மருமகள் திருடன் பிடிக்கிறாள் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

அந்தச் சமயம் காட்டூரிலிருந்து ஒரு கல்லூரிப் பெண், தோழி ஒருத்தி மூலமாக என்னிடம் வந்தாள். எவனோ அவள் முகத்தை வேறு படங்களில் ஒட்டி, போலிக் கணக்கில் போட்டுக்கொண்டிருந்தான். ஆதாரங்களை எடுத்து வைக்கக் கற்றுக்கொடுத்து, சைபர் கிரைம் போலீசில் புகார் கொடுக்கவும் கூடவே போனேன். பயப்படாதம்மா, இதெல்லாம் ஒன்றுமே இல்லை என்று தைரியம் வேறு சொன்னேன். சொல்வதற்கு என்ன, வாய்க்குச் சுலபமாக வந்துவிட்டது.

சில நாள் கழித்து, ஆபீசுக்குப் போகும் பஸ் காவிரிப் பாலத்தில் ஏறும்போது என் போனுக்கு ஒரு படம் வந்தது. தெரியாத எண். படத்தில் எங்கள் வாசல். அன்று காலை அத்தை போட்ட கோலம், நடுவில் பூசணிப்பூ. கீழே, "கோலம் சூப்பர் மேடம். அந்தப் பொண்ணு விஷயத்துல தலையிடாதீங்க."

அந்த வாசலிலிருந்துதான் என் மகள் ஸ்கூல் வேனில் ஏறுகிறாள்.

வீட்டில் மூச்சு விடவில்லை. சொன்னால் வேலையே வேண்டாம் என்பார்கள். நான் விலகினால் அந்தப் பெண் தனியாகிவிடுவாள். மறுநாள் காலை, அத்தை கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்த பிறகு, ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நின்று வாசலையே பார்த்தேன். பால்காரர் வந்தார். கோயிலுக்குப் போகிறவர்கள் கோலத்தை மிதிக்காமல் ஒதுங்கிப் போனார்கள். யாரும் நிற்கவில்லை, யாரும் போனைத் தூக்கவில்லை. ஆனாலும் நான் கிளம்புவதற்குள் அன்றைய கோலத்தின் படம் வந்துவிட்டது.

படத்தைப் பெரிதாக்கினேன். அது தெருவிலிருந்து எடுத்ததல்ல, எங்கள் வாசற்படியிலிருந்து எடுத்தது. வீட்டுக்குள்ளேயே ஆள் இருக்கிறானா? மறுபடி பார்த்தபோது, படத்தின் ஓரத்தில் ஒரு கால்விரல். கோலமாவு ஒட்டிய மெட்டி. அத்தையின் மெட்டி.

சமையலறைக்குப் போய், கோலத்தைப் படம் எடுக்கிறீர்களா என்று கேட்டேன்.

"ஆமா, தினமும் வாட்ஸ்அப் கோல குரூப்ல போடுறேனே. யார் யாரோ சேர்ந்திருக்காங்க, ஹார்ட்டுல்லாம் போடுறாங்க. நாளைக்குப் பாப்பா ஸ்கூல்ல ஆண்டாள் வேஷம் போடுறாள்ல, அதையும் போடணும்."

அவர் போனை வாங்கிப் பார்த்தேன். அந்தக் குழுவின் லிங்கை என் பெயரோடு சேர்த்து ஃபேஸ்புக்கிலும் போட்டிருந்தார். எனக்குப் படம் அனுப்பிய அதே எண் உள்ளே இருந்தது. தினமும் அத்தையின் கோலத்துக்குக் கும்பிடு போட்டிருந்தான்.

எல்லாவற்றையும் சொன்னேன். அத்தை அப்படியே உட்கார்ந்துவிட்டார். வேலையை விடு என்பார் என்று காத்திருந்தேன். போனைப் பார்த்தவர், "இவனுக்குப் போயி நன்றி சொல்லியிருக்கேன்மா" என்றார். பிறகு புடவையை மாற்றிக்கொண்டு வந்து, "என் போனையும் எடுத்துக்க. போலீஸ் ஸ்டேஷனுக்கு நானும் வரேன்" என்றார்.

போலீஸ் ஆளைப் பிடித்தது. அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவன்தான். நாங்கள் புகார் கொடுக்கப் போனதைப் பார்த்து, என் பெயரையும் போன் எண்ணையும் விசாரித்து, ஃபேஸ்புக்கில் தேடி, அத்தையின் குழுவில் சேர்ந்திருக்கிறான். எங்கள் தெருவுக்கு அவன் ஒருநாளும் வந்ததில்லையாம்.

ஆனாலும் கதவைத் திறந்தால், கோலத்தைப் பார்க்கும் முன்னால் என் கண் தெருக்கோடிக்குத்தான் இன்றும் போகிறது. இப்போதும் பெண்கள் உதவி கேட்டு வருகிறார்கள். பயப்படாதீங்க என்று நான் யாருக்கும் சொல்வதில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர்கள் பேசி முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.